பத்து வருஷம் உழைக்கிற பிராசசர்

ஆவூர்
19 அக்டோபர் 2025, ஞாயிறு

மாதா துணை.

அன்புத் தம்பி ஜெரால்டுக்கு, அக்கா அடைக்கலமேரி எழுதுவது. நான் சுகம். உன் மகள் இலக்கியாவும் சுகம். தீபாவளி லீவுக்கு நேற்று திருச்சி ஹாஸ்டலில் இருந்து வந்தவள், இப்போது என் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள். பஹ்ரைனில் வெயில் தணிந்ததா? உன் சுகத்துக்கு எழுது.

ஒரு வாரமாக நம் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வருகிறது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம், புதியதற்கு மாற வேண்டுமாம். சரி என்று அழுத்தினால், உன் பிராசசர் அதற்குத் தகுதியில்லை என்கிறது. மாறச் சொல்வதும் அதுதான், முடியாது என்று கையை விரிப்பதும் அதுதான்.

போன ஞாயிறு வீடியோ காலில் நீ பேசியது எனக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. கீழே ஓடும் எழுத்து தாமதமாக வந்தது, வந்ததும் தப்பும் தவறுமாக வந்தது. ஓர் இடத்தில் ‘தவளை வேலைக்குப் போகுது’ என்று இருந்தது. இலக்கியாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காய்ச்சலில் இரண்டு காதும் போன பிறகு உன் பேச்சு எனக்கு அந்த ஒரு வரி எழுத்தாகத்தான் வருகிறது. போனில் பார்க்கலாம் என்றால் அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கு எட்டுவதில்லை.

புதுக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ரகுநாத்தைப் பார்த்தேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். எனக்கு உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னான்: “டீச்சர், பிராசசரை மட்டும் மாத்திப்புடலாங்க. பழசு ஒன்னு நல்லதாக் கெடக்கு. மத்ததெல்லாம் அப்படியே ஓடும்.” உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாதென்று வந்துவிட்டேன். எதை வாங்கட்டும்? விவரமாக எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா


மனாமா
24 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஜெரால்டு. கடவுள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். நீயும் இலக்கியாவும் நலமென்று படித்ததில் சந்தோஷம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு இன்னாசி பலகாரம் கொடுத்தாரா? அவர் வீட்டு அதிரசத்தை இங்கே உட்கார்ந்துகொண்டே மோந்து பார்க்கிறேன்.

ரகுநாத் சொன்னது பொய்யில்லை, ஆனால் உனக்கு உதவாது. நம்மிடம் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3. அந்த போர்டில் அதே காலத்துப் பிராசசர்தான் உட்காரும். அவன் கொடுக்கிற பழசு வேகமாக ஓடலாம், ஆனால் புது விண்டோஸ் அதையும் வாசலிலேயே நிறுத்திவிடும். பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. பெட்டியும் மானிட்டரும் இருப்பதே இருக்கட்டும்.

கடையில் பெரிய பெரிய நம்பராகச் சொல்வார்கள், மயங்கிவிடாதே. நீ செய்வது என்ன? மெயில், பேங்க் வேலை, யூடியூபில் பூசை, என்னோடு பேசுவது. கேம் விளையாடுகிற பையன்களுக்கான சாமான் உனக்கு எதற்கு? கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசராகப் பார், தனிக் கார்டு வேண்டாம். ரொம்பச் சூடாகாததாக இருக்க வேண்டும், நம் ஊர் மே மாதத்தைத் தாங்க வேண்டுமே. என் மனதில் இரண்டு இருக்கின்றன. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, விலை குறைவு, உன் வேலைக்குத் தாராளம். இன்னொன்று புது சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 5. அதற்கு விலை கூட, ஆனால் பின்னால் வேறு நல்ல பிராசசர் வந்தால் அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம். எனக்கென்னவோ ஐ3 போதும் என்று தோன்றுகிறது. வாங்கி வைத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன், வந்து நானே மாட்டித் தருகிறேன்.

நான் சொன்னது தவளை இல்லை, ‘தவறாம வேலைக்குப் போறேன்’ என்றேன். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, இங்கே ஏசிக்கும் வெயிலுக்கும் நடுவில் எல்லோருக்கும் அப்படித்தான். எழுத்து தப்பாக வருவது பழைய பிராசசரால் வருகிற கோளாறு. நீ கவலைப்படாதே.

பாசமுள்ள தம்பி
ஜெரால்டு


ஆவூர்
9 நவம்பர் 2025

மாதா துணை.

அன்புத் தம்பிக்கு, நல்ல மழை. கொல்லையில் கால் வைக்க முடியவில்லை. முழங்கால் வலி மழையோடு சேர்ந்து வந்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? மிளகும் மஞ்சளும் போட்டுப் பாலைக் குடி. அங்கே மஞ்சள் கிடைக்காது என்று கதை விடாதே.

கல்லறைத் திருநாளுக்கு இலக்கியா வந்தாள். அப்பா அம்மா கல்லறைக்கும் அவள் அம்மா கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். மழையில் மெழுகுவத்தி நிற்கவில்லை. குடை பிடித்துக்கொண்டே நின்றாள், தன் தலை நனைவது தெரியாமல். அவள் அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது என்னைவிட உயரம்.

ஐ3 என்றே முடிவு செய்துவிட்டேன். அறுபத்துமூன்று முடிந்துவிட்டது எனக்கு, பின்னால் வரப்போகிற பிராசசரைப் பற்றி எனக்கென்ன? ரகுநாத்தும், “சொல்லுங்க டீச்சர், ஒரு வாரத்துல வரவழைச்சுருவோம்” என்றான். நீ சரியென்று ஒரு வரி எழுதினால் சொல்லிவிடுவேன். நீ வருகிற தேதியையும் எழுது, இன்னாசி ஆட்டோவை ஏர்போர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

இரண்டு ஞாயிறாக நீ வீடியோ காலில் வரவில்லை. வேலை அதிகமோ?

அக்கா


மனாமா
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இப்போது எதையும் வாங்க வேண்டாம். ரேம் விலை உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் புது மாடல்கள் வரும், பழைய பிராசசர்களின் விலை குறையும். கொஞ்சம் பொறு. அவசரப்பட்டு வாங்கினால் பின்னால் வருத்தப்படுவோம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் இருக்கும் இடத்தில் நெட்டும் சரியில்லை, ஆகவே வீடியோ கால் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மெயிலிலேயே எழுதிக்கொள்வோம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஜெரால்டு


ஆவூர்
7 டிசம்பர் 2025

மாதா துணை.

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா?

அக்டோபரில் வாங்கி வைத்துவிடு என்றாய். இப்போது பொறு என்கிறாய். விலை ஏறுகிறது என்றால் ஏறுவதற்கு முன்னால்தானே வாங்க வேண்டும்? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கடைக்குப் போய்வரத் தெரியும். நல்ல பிராசசருக்காகவா நான் இத்தனை அலைகிறேன்? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் பேச்சைப் படிக்க வேண்டும், அதற்குத்தான்.

உன் கடிதத்தில் இலக்கியாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதுவரை அப்படி நீ எழுதியதில்லை. அவளிடம் கேட்டேன். “அப்பா இப்பல்லாம் போன் எடுக்குறதில்ல அத்தை, மெசேஜ்தான் போடுறாரு. சளி புடிச்சிருக்காம்” என்று எழுதிக் காட்டினாள். எத்தனை வாரமாகச் சளி?

பதில் போடு. நீளமாக வேண்டாம், நாலு வரி போதும்.

அக்கா


மனாமா
28 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் இலக்கியாவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. நாலு வரி கேட்டாய், அதைக்கூட மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டேன். வேலை மாற்றம், இடம் மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது.

இப்போது வாங்கிவிடு, அக்கா. விலை குறையக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஐ3 வேண்டாம், அந்த ரைசன் 5 வாங்கு. போர்டும் நல்லதாக இருக்கட்டும். ரேம் பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது. பத்து வருஷம் உழைக்கிற மாதிரி வாங்கு. நாளைக்கு என்ன ஆகிறது, எதை மாற்றுவது என்று நீ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

வயதைக் காரணம் சொல்லாதே. நீ இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாய், இருக்க வேண்டும். இலக்கியாவுக்கு ஒரு வீடு வேண்டுமே.

மாட்டுகிற வேலையைக் கடைக்காரனிடம் விடாதே. இலக்கியாவையே மாட்டச் சொல். பிராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், போர்டிலும் இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும். அமுக்கக் கூடாது, தானாக உட்காரும். சூடு இறங்க மேலே தடவும் பசை ஒரு பட்டாணி அளவு போதும். ஒரு தடவை செய்துவிட்டால் அவளுக்குப் பயம் விட்டுப்போகும். அவள் நன்றாகப் படிக்கிறாளா? அவளைப் பற்றிக் கேட்காமல் விட்டது தப்புத்தான்.

ஜெரால்டு


ஆவூர்
18 ஜனவரி 2026, ஞாயிறு

மாதா துணை.

அன்புத் தம்பிக்கு,

பொங்கலுக்கு மறுநாள் நானும் இலக்கியாவும் போய் நீ சொன்னதையே வாங்கி வந்தோம். ரகுநாத் என்னைப் பார்த்து, “டீச்சருக்கு எதுக்குங்க இம்புட்டுப் பெரிய பிராசசர்?” என்றான். அவன் உதடு படிக்க எனக்கு இப்போது கஷ்டமே இல்லை. “என் தம்பி சொல்லிட்டான்” என்றேன். பில்லைப் போட்டான்.

இலக்கியா பெட்டியைக் கூடத்தில் போட்டுப் பிரித்தாள். உன் கடிதத்தைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கோணத்தைத் தேடினாள். அதை உட்கார வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசை மட்டும் பட்டாணி அளவு இல்லை, கொண்டைக்கடலை அளவு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பொத்தானை அமுக்கியதும் திரையில் வெளிச்சம் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

சோதித்துப் பார்க்கலாம் என்று கிணற்றடிக்குப் போய் அங்கிருந்து போனில் கூப்பிட்டாள். ‘அத்தை, இங்கிட்டு ஒரே கொசு, சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க’ என்று ஓர் எழுத்து பிசகாமல் கீழே வந்தது. அவள் வாய் அசைய அசைய எழுத்தும் கூடவே ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று காலை அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பூசை முடிந்து வந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுப்பாய் என்று நினைக்கவில்லை. எடுத்தாய். அறை இருட்டாக இருந்தது, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாய். எவ்வளவு மெலிந்துவிட்டாய்! நீ பேசினாய். உதடு அசைந்தது. ‘அக்கா’ என்றது எனக்குத் தெரிந்தது. ஆனால் எழுத்து வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. “மைக்கைப் போடுடா” என்று சொன்னேன். நீ மறுபடி பேசினாய். அப்போதும் வரவில்லை. பிறகு சிரித்த மாதிரி ஒரு முகம் காட்டிவிட்டு நீயே அணைத்துவிட்டாய்.

உடனே இலக்கியாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பஸ் இரைச்சலுக்குள் அவள் பேசியதெல்லாம் சரியாக வந்தது. மிஷினில் குறையில்லை, தம்பி.

எனக்குக் காது கேட்காது. உன் பக்கத்தில் சத்தம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


மனாமா
30 ஜனவரி 2026

அக்கா,

சத்தம் இல்லை.

தொண்டையில் கட்டி என்று நவம்பர் தொடக்கத்தில் சொன்னார்கள். புற்று. முதலில் கரண்ட் வைத்தார்கள், அதுதான் ரேடியேஷன்; மூக்கில் குழாய் போட்டிருந்தது. அந்த முகத்தை உனக்குக் காட்ட வேண்டாமென்றுதான் பொறு, விலை குறையட்டும் என்று எழுதினேன். டிசம்பர் இரண்டாம் வாரம் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். துண்டு அதற்காக.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது எடுக்கக் கூடாதென்றுதான் இருந்தேன். மிஷினை மாட்டிவிட்டதாக இலக்கியா மெசேஜ் போட்டிருந்தாள், அதில் முதல் வீடியோ கால் என்று தெரிந்தது, கை கேட்கவில்லை. உதடு அசைத்தால் நீ படித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். ‘அக்கா, நல்லா இருக்கேன், மிஷின் நல்லா இருக்கா’ என்றுதான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, எழுத்து வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆபரேஷனோடு முடியவில்லை. நுரையீரலிலும் இருக்கிறதாம். இங்கே இனி செய்வதற்கில்லை, ஊருக்குப் போய் வீட்டோடு இருங்கள் என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் எழுதிக் காட்ட வேண்டும், எழுதக் கை வரவில்லை.

பத்து வருஷத்துக்கு ஏன் வாங்கச் சொன்னேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இலக்கியாவுக்குக் கடைசி செமஸ்டர். தேர்வு முடியும் வரை அவளுக்குத் தெரிய வேண்டாம். இதை மட்டும் செய்.

ஜெரால்டு


ஆவூர்
1 பிப்ரவரி 2026

தம்பி,

நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. நேற்று சனிக்கிழமை அவள் வந்திருந்தாள். உன் கடிதத்தைத் திறந்தபோது என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் படித்து முடிப்பதற்குள் அவளும் படித்துவிட்டாள். சீப்பு கீழே விழுந்தது எனக்குக் கேட்கவில்லை, காலில் பட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

கிளம்பி வா. கூடத்தில் ஜன்னலோரம் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். உனக்குக் குரல் இல்லாவிட்டால் என்ன, எனக்குத்தான் காது இல்லையே. நீ டைப் அடி, நான் வாயால் பதில் சொல்கிறேன். யாருக்கும் இந்த வசதி கிடைக்காது.

டிக்கெட் போட்டதும் எழுது.

அக்கா

அப்பா, நான் இலக்கியா. உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கேன். நேர்ல வாங்க, அப்பத்தான் சண்டை போட முடியும். சீக்கிரம் வாங்கப்பா.


சென்னை
21 ஜூன் 2026

அன்புள்ள அத்தைக்கு, இலக்கியா. இங்கே நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? வேலை பழகிவிட்டது. ஹாஸ்டல் சாப்பாடு மட்டும் பழகவில்லை.

அப்பா ஊருக்கு வந்து இருந்த அந்த இரண்டரை மாதமும் நான் சனி ஞாயிறுக்குத்தான் வந்தேன். மற்ற நாளெல்லாம் அவர் உங்களிடம் டைப் அடித்துப் பேசினாரே, அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமா? இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அவர் போன அன்று நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன், அத்தை. கூடுதல் தாள்கூட வாங்கினேன். இப்போதும் அதை நினைத்தால் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

என்னிடம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
இலக்கியா


ஆவூர்
24 ஜூன் 2026

மாதா துணை.

என் கண்ணு இலக்கியாவுக்கு, அத்தை எழுதுவது. சாப்பிடுகிறேன். மாத்திரையும் போடுகிறேன். நீ அங்கே வெளியில் வாங்கியாவது வயிறாரச் சாப்பிடு.

நீ கேட்டது இல்லையம்மா. ஒவ்வொரு நாளும் பேசி முடித்ததும் உன் அப்பா எல்லாவற்றையும் அழித்துவிடுவான். முதல் நாளே கேட்டேன், “ஏண்டா அழிக்கிற?” என்று. ‘மனுசங்க பேசுனா காத்தோட போயிரும்ல. நான் மட்டும் ஏன் சேத்து வைக்கணும்?’ என்று அடித்தான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மழை வருமா, இன்னாசி ஆட்டோ ஏன் கிளம்பவில்லை, வடுமாங்காய் போட்டாயா, இதுதான். பாதி நேரம் உன்னைப் பற்றி. அந்தப் பிராசசரை நீ மாட்டியதை மட்டும் எத்தனையோ தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

உன்னைத் தேர்வுக்கு அனுப்பியது அவன்தான். முந்தின நாள் மாலை நீ கிளம்ப மனமில்லாமல் நின்றபோது உன்னிடம் ‘எழுதிட்டு வா, இருப்பேன்’ என்று அடித்துக் காட்டினான். நீ பஸ் ஏறிய பிறகு என்னைப் பார்த்து, ‘பொய்தான்க்கா. போகட்டும்’ என்று அடித்தான். அவன் தெரிந்தேதான் அனுப்பினான். அவன் ஆசைப்பட்டதை நீ செய்தாய். கூடுதல் தாள் வாங்கியது தெரிந்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பான்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். அன்று காலை நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

பத்து நாளாக அவனுக்கு எதுவும் இறங்கவில்லை, உனக்கே தெரியும். தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் விட்டேன். அன்று காலை கண்ணைத் திறந்து கீபோர்டைக் காட்டினான். மடியில் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான். ‘பசிக்குதுக்கா’ என்று வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பிழைத்துக்கொள்வான் என்றே நினைத்துவிட்டேன். அடுப்படிக்கு ஓடி, நொய்யும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, குழைய மசித்து, ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கை கீபோர்டிலேயே இருந்தது.

கஞ்சியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே கொட்ட மனம் வரவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானே குடித்தேன். முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் வாசலுக்குப் போய் இன்னாசியைக் கூப்பிட்டேன்.

பயந்துகொண்டு போகவில்லை உன் அப்பா. பசியோடு போனான். எனக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டுப் போ. நீ வருகிறாய் என்றால் நானும் ஏதாவது சமைப்பேன்.

அத்தை
அடைக்கலமேரி